அடைகாத்தல் வேறு, பொரித்தல் வேறு

பென்குயின் பற்றித் தமிழில் குரல் கொடுத்த படம் எது ஓடினாலும் இந்த வரி வந்துவிடுகிறது: "ஆண் பென்குயின் இரண்டு மாதம் முட்டையைப் பொரிக்கிறது." அண்டார்க்டிகக் குளிரில், எண்ணெய்கூட இல்லாமல்!

அங்கே வர வேண்டிய சொல் அடைகாத்தல். 'அடை' என்பது ஒட்டி அசையாமல் கிடப்பது, 'கா' காப்பது. அடைக்கோழி, அடைக்கு வைப்பது எல்லாம் இந்த வழியில் வந்தவைதான். சில ஊர்களில் அவயம் காப்பது என்பார்கள். இதற்கான ஆங்கிலச் சொல்லான 'இன்குபேஷன்' என்பதன் லத்தீன் வேருக்கு 'மேலே படுத்திருத்தல்' என்று பொருள். எம்பரர் பென்குயினோ முட்டைமேல் படுப்பதே இல்லை. கூடும் கிடையாது. ஒற்றை முட்டையைப் பாதங்களின் மேல் ஏந்தி, வயிற்றுத் தோல் மடிப்பால் மூடி, நின்றுகொண்டே காக்கிறது. லத்தீன் வேர் அதற்குப் பொருந்தாது. நம் சொல் பொருந்துகிறது.

பொரித்தல் ஒரு முடிவு. ஓடு விரிசல் விட்டுக் குஞ்சு தலைகாட்டுவது. அதற்கு முன் நாள்கணக்கில் நடக்கும் பாடுதான் அடைகாத்தல். எம்பரர் பென்குயினில் அந்தப் பாடு சுமார் 65 நாள், முழுக்கத் தந்தைக்கு. முட்டையை ஒப்படைத்துவிட்டுத் தாய் கடலுக்குப் போய்விடும். அது திரும்பும் சமயத்தை ஒட்டித்தான் முட்டை பொரியும். இரண்டு சொல்லையும் ஒன்றாக்கினால், யார் எத்தனை நாள் பட்டினி கிடந்தார் என்ற கதையே போய்விடுகிறது. (இதையே 'குஞ்சு பொறித்தல்' என்று வல்லின றகரம் போட்டு எழுதுகிறவர்களும் உண்டு. அது கல்வெட்டு வேலை.)

அடுத்த தொல்லை, 'பெற்றோர் இருவரும் அடைகாப்புப் பணிப்பகிர்வில் ஈடுபடுகின்றன' என்கிற வகை வாக்கியம். பறவை ஏன் ஈடுபட வேண்டும்? அடைகாத்தால் போதாதா? வாய்க்கால் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சிய மொழி இது. 'முறைவைத்து அடைகாக்கின்றன' என்றால் எவருக்குப் புரியாது? வாண்டரிங் அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவை இப்படித்தான் செய்கிறது. ஒரு முட்டை, ஏறத்தாழ 78 நாள். ஒன்று முட்டையோடு இருக்க, மற்றது இரைதேடிப் போகும். ஒரு முறை என்பது ஒரு வாரம், இரண்டு வாரம், சிலசமயம் அதற்கும் மேல். இந்தியப் பெருங்கடலின் தெற்கே உள்ள குரோசே தீவுகளில் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பார்த்து 1990இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே இரைதேடலில் 3,600 முதல் 15,000 கிலோமீட்டர் வரை பறந்திருந்தது தெரிந்தது. இதை 'உணவுத் தேடல் கடமை' என்று எழுதுகிறார்கள். இரை என்ற சொல்லுக்கு என்ன குறை வந்தது? 'மாற்றுப்பணி' இன்னும் மோசம், அரசு அலுவலக ஆணை மாதிரி இருக்கிறது.

இன்னொன்றும் பார்த்தேன். அடைகாக்கும் பறவைகள் பலவற்றுக்கு வயிற்றில் இறகு உதிர்ந்து, ரத்தநாளம் மிகுந்த வெறுந்தோல் தெரியும். உடல் சூடு முட்டைக்குப் போவது அதன் வழியாகத்தான். ஆங்கிலத்தில் 'பாட்ச்' என்று இருந்ததால் 'அடைகாப்பு ஒட்டு' என்று போட்டுவிட்டார்கள். எதை எதில் ஒட்டினார்களாம்? 'அடைத்திட்டு' என்றால் சரி. கேனட் என்ற கடற்பறவைக்கு அந்தத் திட்டு கிடையாது. அகன்ற சவ்வுப் பாதங்களை முட்டைமேல் போர்த்திச் சூடு கொடுக்கும். அங்கே ஒட்டு என்று எழுதினால் அகராதியும் காப்பாற்றாது.

இவ்வளவுக்கும் மேல், மூலத்தில் 'பெற்றோர்ப் பறவை' என்று இருந்தாலும் தமிழில் 'தாய்ப்பறவை' ஆகிவிடுகிறது. கேனட்டில் இரண்டும் மாறி மாறி உட்காரும். அடேலி பென்குயினில் தாய் முட்டையிட்டதும் கடலுக்குப் போய்விட, வழக்கமாக முதல் முறை தந்தையுடையது. 'தாய்ப்பறவை அடைகாக்கிறது' என்று குரல் ஓட, திரையில் உட்கார்ந்திருப்பது அப்பா.