உடனொளிர்வு: ஃபுளோரசன்ஸ் என்ற சொல்லின் கதை

செல்லுக்குள் ஒரு குறிப்பிட்ட புரதம் எங்கே இருக்கிறது என்று தேடப் போனால், முதல் நாளே காதில் விழும் சொல் ஃபுளோரசன்ஸ். டியூப் லைட்டும் கண்ணைப் பறிக்கும் மஞ்சள் மார்க்கரும் இந்தச் சொல்லை நமக்கு முன்பே பழக்கிவிட்டன. ஆனால் பிரித்துப் பார்த்தால் அதற்குள் வெளிச்சம் என்ற பொருளே கிடையாது.

லத்தீனில் ஃபுளுவேரே என்றால் பாய்தல், ஓடுதல். உலோகத் தாதுவை உருக்கும்போது அது சீக்கிரம் இளகி ஓட வேண்டும் என்று ஒரு கனிமத்தைச் சேர்ப்பார்கள். ஓட வைக்கும் கல் என்பதால் அதற்கு ஃபுளோர்ஸ்பார் என்று பெயர். இன்று ஃபுளோரைட் என்கிறோம். ஃபுளோரின் தனிமத்தின் பெயரும் இதிலிருந்து வந்ததுதான். இந்தக் கற்களில் சில, புற ஊதாக் கதிர் பட்டால் நீலமாக ஒளிரும்.

1852-இல் இயற்பியலாளர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ், மலேரியா மருந்தான குவினைனின் கரைசலை நிறமாலையின் ஊதா முனைக்கு அப்பால், கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில் வைத்தார். கரைசல் நீலமாக ஒளிர்ந்தது. உள்ளே போனது ஓர் ஒளி, வெளியே வந்தது அலைநீளம் கூடிய வேறோர் ஒளி. இதற்கு அவர் பெயர் வைத்தது ஓர் அடிக்குறிப்பில்: ஓபல் கல்லிலிருந்து ஓபலசன்ஸ் பிறந்ததைப் போல, ஃபுளோர்ஸ்பாரிலிருந்து ஃபுளோரசன்ஸ். ஆக, வேர்ச்சொல்லை அப்படியே மொழிபெயர்த்தால் 'பாய்வு' என்றுதான் வரும். அது யாருக்கும் உதவாது. தமிழுக்கு நிகழ்வைப் பார்த்துத்தான் பெயர் வைக்க வேண்டும்.

வெறும் ஒளிர்வு என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை. மின்மினியும் ஒளிர்கிறது, ஆனால் அது தன் உடலின் வேதிவினையால் தானே ஒளிர்வது, வெளியிலிருந்து ஒளி வாங்குவதில்லை. அதற்கு உயிரொளிர்வு என்று பெயர். ஃபுளோரசன்ஸுக்கு உடனொளிர்வு என்ற சொல்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது. தமிழில் 'உடன்' என்பதற்கு இரண்டு பொருள்: கூடவே, உடனே. இரண்டுமே இங்கே உண்மை. ஒளி படும்போது கூடவே ஒளிர்கிறது, ஒளியை நிறுத்தினால் தானும் நின்றுவிடுகிறது. அதோடு, வாங்கிய ஒளியை நானோநொடிகளில் திருப்பித் தந்துவிடுகிறது. நானோநொடி என்பது ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. விளக்கை அணைத்த பிறகும் இருட்டில் மின்னிக்கொண்டிருக்கும் பொருளுக்கு நின்றொளிர்வு, அதாவது பாஸ்பரசன்ஸ். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்கிறோமே, அந்த 'நின்று'தான் இது.

சரி, புரதத்துக்கு வருவோம். 1962-இல் ஒசாமு ஷிமோமுரா ஒரு ஜெல்லிமீனிலிருந்து இரண்டு புரதங்களைக் கண்டறிந்தார். ஒன்று கால்சியம் சேர்ந்தால் தானே நீலமாக ஒளிர்வது. மற்றது நீலத்தையோ புற ஊதாவையோ வாங்கிப் பச்சையாகத் தருவது. ஒரே உயிருக்குள் உயிரொளிர்வும் உடனொளிர்வும் அடுத்தடுத்து நடக்கின்றன. இரண்டுக்கும் 'ஒளிர்வு' என்றே எழுதினால் இந்த அழகு காணாமல் போய்விடும். 238 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் பச்சை உடனொளிர் புரதத்தின் மரபணுவை 1994-இல் மார்ட்டின் சால்ஃபி குழு பாக்டீரியாவிலும் புழுவிலும் புகுத்தி ஒளிர வைத்தது. அப்புறம் வழி திறந்துவிட்டது: நாம் தேடும் புரதத்தின் மரபணுவோடு இதை ஒட்டிவிட்டால், அந்தப் புரதம் போகுமிடமெல்லாம் பச்சைப் புள்ளி தெரியும். 2008-இல் ஷிமோமுரா, சால்ஃபி, ரோஜர் சியென் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது.

ஆனால் அந்தப் புள்ளி கொஞ்சம் பெரியது. சாதாரண ஒளி நுண்ணோக்கியில் சுமார் 200 நானோமீட்டருக்குக் குறைவான இடைவெளி பிரிந்து தெரியாது. அந்தப் புரதமோ சுமார் 4 நானோமீட்டர்தான். 2006-இல் எரிக் பெட்சிக் முதலானோர், உடனொளிரும் மூலக்கூறுகளைச் சிலசிலவாக மட்டும் ஒளிர வைத்து, ஒவ்வொன்றின் இடத்தையும் தனித்தனியாகக் குறித்து, இந்த எல்லையைக் கடந்தார்கள். அப்போதும் படத்தில் புள்ளிகள் மட்டுமே இருக்கும். அவற்றைச் சுற்றியுள்ள சவ்வையும் மைட்டோகாண்ட்ரியாவின் மடிப்பையும் காட்டுவது எலெக்ட்ரான் நுண்ணோக்கி. அதில் நிறம் கிடையாது, எல்லாம் சாம்பல். அதனால் ஒரே செல்லை இரண்டு கருவியிலும் எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றைப் பொருத்துகிறார்கள். இதை ஒளி–எலெக்ட்ரான் இணை நுண்ணோக்கியியல் என்று சொல்லலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சவ்வு தெளிவாகத் தெரிய ஆஸ்மியம் டெட்ராக்சைடு என்ற கன உலோகச் சேர்மத்தை செல்லில் ஏற்றி, நீரை வெளியேற்றி, ரெசின் என்ற இறுகும் பிசினில் பதிக்க வேண்டும். இதில் பெரும்பாலான உடனொளிர் புரதங்கள் ஒளியிழந்துவிடும். ஆஸ்மியத்தைத் தாங்கும் எம்இயோஸ்4 என்ற வகையை 2015-இல் உருவாக்கியது இதற்காகத்தான்.

இவ்வளவையும் எழுதும்போது உடனொளிர்வு எங்கேயும் முரண்டுபிடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒளிரும் மூலக்கூறு உடனொளிரி, கருவி உடனொளிர்வு நுண்ணோக்கி, வினை உடனொளிர்கிறது. ஃபுளோரசன்ஸை வைத்துக்கொண்டு தமிழில் ஒரு வினைச்சொல் செய்ய வேண்டுமென்றால் 'ஃபுளோரசன்ஸ் ஆகிறது' என்று இழுக்க வேண்டியிருக்கும்.