சேர்வர் புஷ் எண்டா என்ன, தமிழில அதை எப்பிடிச் சொல்லலாம்?

மார்ச் மாசம் வடக்கின் பெரும் போர் நடக்கேக்க, அதுதான் யாழ். மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் நடக்கிற பெரிய கிரிக்கெற் மட்ச், கிறவுண்டுக்குப் போக ஏலாத ஆக்களும் கனடா லண்டனில இருக்கிற பழைய மாணவரும் ஸ்கோர் பேஜைத் திறந்து வைச்சுக்கொண்டு இருப்பினம். விக்கெற் விழுந்தா ரிஃப்ரெஷ் பண்ணாமலே எண் மாறும். இப்பிடிப் புதுத் தகவலைச் சேர்வர், அதாவது பேஜை வைச்சிருந்து அனுப்பிற கணினி, உடனேயே பிறவுசருக்கு அனுப்பிறதுக்குப் பேர்தான் சேர்வர் புஷ்.

புஷ் எண்ட சொல்லு லத்தீனில புல்சாரே, அடிக்கிறது தட்டுறது எண்ட கருத்து, பிரெஞ்சு வழியா ஆங்கிலத்துக்கு வந்தது, டொக்டர் கையைப் பிடிச்சுப் பார்க்கிற பல்ஸும் உதே வேர்தான். ஆனா வெப்பில இந்தப் பேர் பாதிப் பொய் எண்டுதான் நான் சொல்லுவன். பிறவுசரும் சேர்வரும் கதைக்கிற பாசை எச்டிடிபி, அதில முதல் வாய் திறக்கிறது எப்பவும் பிறவுசர், அது கேட்டாத்தான் சேர்வர் பதில் சொல்லும், தானாப் போய் ஒருத்தற்றை பிறவுசரையும் தட்ட ஏலாது. ஆகவே புஷ் எண்டு சொல்லுற எல்லா முறையிலயும் பிறவுசர்தான் முதல் ஒரு இணைப்பைத் திறந்து குடுக்குது, பிறகு அதை மூடாமல் வைச்சிருக்கிறதிலதான் வித்தையே இருக்கு.

இதுக்கு எதிர்ப்பக்கம் போலிங், பிறவுசரே திருப்பித் திருப்பிக் கேக்கிறது. போல் எண்டா மத்திய கால ஆங்கிலத்தில தலை, தலை எண்ணி ஆள் கணக்கெடுத்ததால தேர்தலுக்குப் போச்சு, பிறகு கணினிக்காரர் ஒவ்வொரு கருவியிட்டயும் முறைக்கு முறை "ஏதும் இருக்கோ" எண்டு கேக்கிறதுக்கு எடுத்தினம். இதைப் போய் வாக்கெடுப்பு எண்டு மொழிபெயர்த்தா ஒருத்தருக்கும் விளங்காது, வினவல் எண்டா நேரா விளங்கும். 2000 பேர் 5 செக்கனுக்கு ஒருக்காக் கேட்டா செக்கனுக்கு 400 கேள்வி, முக்கால்வாசிக்கும் பதில் "புதுசா ஒண்டுமில்லை".

லோங் போலிங் எண்டது பேக்கரிக்குப் போய்ப் பாண் இல்லையெண்டதும் திரும்பி வராமல் போறணையில இருந்து இறக்கிற வரைக்கும் அங்கேயே நிக்கிறது மாதிரி. சேர்வர் பதிலைப் பிடிச்சு வைச்சிருக்கும், ஏதும் நடந்தா அனுப்பும், பிறவுசர் உடனே அடுத்த கேள்வியோட வந்து நிக்கும். காத்திருந்து வினவல் எண்டு சொல்லிப் பாருங்கோ, மூலத்தை விட நல்லா இருக்கு.

இந்த வித்தையளுக்கு எல்லாம் சேர்த்து 2006ல அலெக்ஸ் றஸல் எண்ட வெப் டெவலப்பர் கொமெற் எண்டு பேர் வைச்சார். அதுக்கு முதல் வருசம் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரற் எண்டவர், பேஜைத் திருப்பித் திறக்காமல் பின்னால தகவல் எடுக்கிற முறைக்கு ஏஜாக்ஸ் எண்டு ஒரு பேர் வைச்சிருந்தார், ஏஜாக்ஸும் கொமெற்றும் அமெரிக்காவில கிளீனிங் சாமான், அதுதான் பகிடி. ஆகவே கொமெற்றை வால்வெள்ளி எண்டு தமிழாக்கினா ஒரு அர்த்தமும் வராது. எங்கட ஊரில பேர் வைச்சிருந்தா விம் எண்டு வைச்சிருப்பம், ஆனா அந்தப் பேரில ஏற்கனவே புறோகிராம் எழுதுற ஆக்களின்ர எடிற்றர் மென்பொருள் ஒண்டு இருக்கு. உண்மையில விசயம் இதை விடப் பழசு, நெற்ஸ்கேப் 1995லயே ஒரே இணைப்பில படத்துக்கு மேல படமா மாத்தி அனுப்பிற வழி வைச்சிருந்தது.

இப்ப பாவனையில கூட இருக்கிறது ரெண்டு. ஒண்டு சேர்வர் சென்ற் ஈவென்ற்ஸ், எச்டிடிபி பதிலை முடிக்காமல் வரி வரியா எழுத்து அனுப்பிக்கொண்டே இருக்கிறது, ஒருவழிப் பாதை. ஏ9ல பஸ்ஸில போகேக்க சிக்னல் போய் வந்தா பிறவுசர் தானாத் திருப்பித் தொடுக்கும், கடைசியா வந்த நிகழ்வின்ர இலக்கத்தையும் சேர்த்துச் சொல்லும், சேர்வரை அதுக்கேத்த மாதிரி எழுதியிருந்தா விட்டுப்போனதுகளும் வரும். மற்றது வெப்சொக்கெற், 2011ல ஆர்எஃப்சி 6455 எண்ட இணையத் தர ஆவணமா வந்தது, எச்டிடிபியில தொடங்கி 101 எண்ட பதிலோட வேற பாசைக்கு மாறும், ரெண்டு பக்கமும் நினைச்ச நேரம் கதைக்கலாம். சற்றிங்குக்கும் கேமுக்கும் அது வேணும், ஆனா ஸ்கோர் காட்டவும் வெப்சொக்கெற்றைத் தூக்கிக்கொண்டு வாற பெடியளைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் கடுப்பு, ஸ்கோருக்கு ஒருவழியே காணும். ஒண்டு மட்டும் பாருங்கோ, பழைய எச்டிடிபி 1.1ல ஒரு தளத்துக்குப் பிறவுசர் 6 இணைப்புத்தான் குடுக்கும், ராப்புக்கு ஒண்டாச் சேர்வர் சென்ற் ஈவென்ற்ஸ் இணைப்புத் திறந்திருந்தா ஏழாவது ராப் சும்மா சுத்திக்கொண்டு நிக்கும்.

எச்டிடிபி 2ல வந்த சேர்வர் புஷ் வேற விசயம், பேஜின்ர தோற்றத்தைச் சொல்லுற ஸ்ரைல் ஃபைலுகளைக் கேக்க முதலே அனுப்பிறது, குறோம் 2022ல அதைத் தூக்கிப்போட்டுது. பேஜ் மூடியிருக்கேக்க வாற புஷ் நொற்றிஃபிகேசனும் வேற வழியால வாறது.

சரி, தமிழ்ச் சொல்லு. தள்ளு எண்டு போடுறவை இருக்கினம், ஆனா எங்கட காதுக்குத் தள்ளுறது எண்டா ஒதுக்கிறதும்தான், வழக்குத் தள்ளுபடி, திகதி தள்ளிப்போச்சு எண்டுதான் கேட்டுப் பழகினது. உந்து அப்பிடி இல்லை, மோட்டச்சைக்கிளை இஞ்ச பேப்பரில உந்துருளி எண்டுதான் போடுவினம், ஆகவே ஆருக்கும் அந்நியமில்லை. சேவையக உந்தல் எண்டு எழுதலாம், சேர்வர் சென்ற் ஈவென்ற்ஸுக்கு சேவையக நிகழ்வோடை, வெப்சொக்கெற்றை அப்பிடியே விடலாம். ஸ்கோர் பேஜின்ர மூலையில மட்டும் இது ஒண்டும் வேண்டாம், "நேரலை" எண்டு ஒரு சொல்லும், இணைப்பு அறுந்தா "திருப்பித் தொடுக்குது" எண்டு ஒரு வரியும் போட்டாக் காணும்.