துருப்பிடித்த ஆணி அசேலியாவுக்கு உதவுமா?

குன்னூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வீட்டுச் சுவரோரம் குட்டை ரக அசேலியாப் பூச்செடி வைத்தேன். இளம் இலைகள் மஞ்சளாகின்றன, நரம்பு மட்டும் பச்சை. இரும்புச்சத்து இல்லை, துருப்பிடித்த ஆணியைப் புதை என்கிறார்கள். செய்யலாமா?"

நோயைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். மருந்துதான் தப்பு.

என்றும் பச்சையாக நிற்கும் இந்தக் குட்டை ரகங்கள் பல ஜப்பானின் குருமே நகரத் தோட்டங்களில் உருவானவை. 1918-இல் அங்கே போன ஆங்கிலேயத் தாவர சேகரிப்பாளர் எர்னஸ்ட் வில்சன் 50 ரகங்களைப் பொறுக்கி அமெரிக்காவுக்கு அனுப்பினார். நீலகிரி உச்சியில் சிவக்கப் பூக்கும் காட்டுப் பூவரசும் இதே ரோடோடென்ட்ரான் பேரினம்தான். எல்லாம் மழை கழுவிய அமில மண்ணில் பழகியவை, மண்ணின் பி.எச். (அமில-கார அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 4.5 முதல் 6 வரை இருந்தால் சுகமாக வளரும்.

குன்னூர் மண் தேயிலை விளையும் அமில மண்தானே? ஆமாம். ஆனால் சுவரோரம் அப்படியில்லை. சுவர்ப் பூச்சிலிருந்து உதிர்ந்த சிமென்டும் சுண்ணாம்பும் அங்கே மண்ணைக் காரமாக்கிவிடும்.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். செம்மண்ணின் சிவப்பே இரும்புத் துருதான். அதாவது மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் துரு லேசில் கரையாது. பி.எச். ஒரு படி ஏறினாலே, கரைந்து கிடைக்கும் மும்மின்னேற்ற இரும்பு (துருவில் இருக்கும் வடிவம்) ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். அதனால் வேர் முதலில் ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளி, தன்னைச் சுற்றி ஒரு மெல்லிய அமில வளையம் போடுகிறது. துரு கொஞ்சம் இளகும். அப்புறம் வேரின் மேல்தோலில் உள்ள ஒரு நொதி, இரும்புக்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து இருமின்னேற்ற இரும்பாக மாற்றுகிறது. அந்த வடிவத்தை மட்டும் ஒரு புரதம் உள்ளே ஏற்றிக்கொள்ளும். கண்ணில்லாத வேர் நுனி இவ்வளவு வேதியியல் செய்கிறது!

சுண்ணாம்பு கலந்த இடத்தில் பைகார்பனேட் அந்த அமிலத்தை உடனுக்குடன் விழுங்கிவிடும். பத்தாயம் நிறைய நெல், திறக்கச் சாவியில்லை. ஆணியைப் புதைப்பது, பூட்டிய பத்தாயத்தில் இன்னொரு மூட்டையைக் கொட்டுவதுதான். இலைக்குப் போன இரும்பு எளிதில் வேறு இலைக்கு நகராது. ஆகவே கொழுந்துதான் முதலில் வெளுக்கும்.

செடியைப் பெயர்த்தால் தேங்காய் நார் போலப் பின்னிய வேர்கள் தெரியும். அவற்றின் செல்லுக்குள்ளேயே பூஞ்சை சுருண்டு வாழ்ந்து, மட்கிலிருந்து நைட்ரஜன் எடுத்துக் கொடுக்கிறது. நம் சோலைக்காட்டு ரோடோடென்ட்ரான்களின் பூஞ்சைகளை ஆராய அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சரி, செய்ய வேண்டியது: செடியைச் சுவரிலிருந்து தள்ளி, ஆழமில்லாமல், இலைமட்கு கலந்த மண்ணில் நடுங்கள். மழைநீர் ஊற்றுங்கள். அங்கும் பி.எச். 6-க்கு மேல் இருந்தால் கொஞ்சம் கந்தகத்தூள் கலக்கலாம். பாக்டீரியாக்கள் அதை அமிலமாக்கச் சில மாதங்கள் ஆகும். அதுவரை இ.டி.டி.எச்.ஏ. வகை இரும்புச் செலேட்டை (இரும்பைப் பிடித்துக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும் உரம்) கரைத்து வேரில் விடலாம். அடுத்து விடும் கொழுந்தைப் பாருங்கள். நரம்புக்கு இடையிலும் பச்சை ஏறியிருந்தால் வேர் வேலையைத் தொடங்கிவிட்டது.