டார்கெட் மங்கலாகத்தான் தெரிய வேண்டும்

பாளையங்கோட்டை கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஏர் பிஸ்டல் பழக ஆரம்பித்திருக்கிறேன். டார்கெட்டைப் பார்க்காதே, குழல் முனையில் இருக்கும் குறிமுள்ளை, அதாவது ஃபிரன்ட் சைட்டைப் பார் என்கிறார் கோச். சுட வேண்டியதைப் பார்க்காமல் எப்படிச் சுடுவது?" 2024 பாரிஸில் மனு பாக்கர் வெண்கலம் வாங்கிக்கொடுத்த 10 மீட்டர் பிரிவு அது.

கண் லென்ஸ் ஒரு நேரத்தில் ஒரு தூரத்துக்குத்தான் குவியும். நீட்டிய கையில் ஃபிரன்ட் சைட் ஒரு மீட்டருக்குள் இருக்கிறது. டார்கெட்டோ பத்து மீட்டரில். இரண்டில் ஒன்று மங்கியே தீரும். எதை மங்கவிடலாம் என்பதைக் கணக்கே சொல்லிவிடும்.

சைட்டுகள் நேராக இருக்க, கை மொத்தமாக 1 செ.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால் பெல்லட்டும் (சின்ன ஈயக் குண்டு) 1 செ.மீ.தான் விலகும். பத்துக்கு ஒன்பது புள்ளி கிடைக்கும். ஆனால் பிஸ்டலின் பின்பக்கம் இருக்கும் ரியர் சைட் பள்ளத்துக்குள் ஃபிரன்ட் சைட் வெறும் 1 மி.மீ. ஒதுங்கினால்? இரண்டுக்கும் இடைவெளி சுமார் 30 செ.மீ. அந்தச் சின்னக் கோணம் டார்கெட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் முப்பது மடங்காக விரிந்து 3 செ.மீ. ஆகிறது. ஏழுக்கோ ஆறுக்கோ இறங்கிவிடுவீர்கள். பத்துப் பங்கு சிறிய பிழைக்கு மூன்று பங்கு தண்டனை! கை ஆடுவதற்குப் பயப்படாதீர்கள், எல்லாருக்கும் ஆடும். கோணத்துக்குப் பயப்படுங்கள். டார்கெட்டின் கறுப்பு வட்டத்துக்குக் கீழே கொஞ்சம் வெள்ளை விட்டு ஃபிரன்ட் சைட்டைப் பிடித்தால், மங்கலான டார்கெட்டே போதுமானது.

மற்றக் கண்ணை இறுக்கி மூடாதீர்கள். ஒரு கண் இருட்டானால் இரண்டு கண்ணின் பாவையும் விரியும். சைட்டின் விளிம்பு கரையும். 30 மி.மீ. அகலத்துக்கு மிகாத வெள்ளை அட்டையால் மறைத்தால் போதும். நம்மூர் வெயிலிலிருந்து ஷெட்டுக்குள் வந்ததும் சுடத் தொடங்காமல், கண் உள்வெளிச்சத்துக்குப் பழகப் பத்து நிமிடம் உட்காருங்கள். பள்ளிகள் விலை உயர்ந்த பிஸ்டலுக்கு முன் நல்ல விளக்குக்குச் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைப்பதானால் பெட்டிக்கு வையுங்கள், சைட்டில் வேண்டாம்.

வீட்டில் வெள்ளைச் சுவரைப் பார்த்து, பெல்லட் இல்லாமல் டிரிகரை மெல்ல அழுத்திப் பழகலாம். டிரிகர் விடுபடும் நொடியில் ஃபிரன்ட் சைட் குனிகிறதா என்று மட்டும் கவனியுங்கள். வலது கைக்காரர் டிரிகரை வெடுக்கென்று இழுத்தால் பெல்லட் பெரும்பாலும் இடப்பக்கக் கீழ்மூலைக்குப் போகும். எட்டுப் பத்து விநாடிக்குள் டிரிகர் விடுபடவில்லையென்றால் கையை இறக்கிவிடுங்கள். அதற்குமேல் கண் களைத்துப் பழைய படத்தையே காட்டும்.

டிரை ஃபயர் (பெல்லட் இல்லாமல் டிரிகர் அழுத்தும்) வசதியுள்ள பிஸ்டலில்தான் இந்தப் பயிற்சி. ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளிக் காற்றை அழுத்தும் வகையில், பெல்லட் இல்லாவிட்டால் பிஸ்டனைத் தடுக்கக் காற்றழுத்தம் போதாது. பிஸ்டன் முனையில் மோதி, காற்றுக் கசியாமல் அடைக்கும் சீல் கெட்டுவிடும்.