கிளியூர் அருவிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

கோடையில் ஏற்காடு போகிறவர்களில் பலர் கிளியூர் அருவிக்குப் படியிறங்கிப் போய், காய்ந்த பாறையைப் பார்த்துவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி ஏறுகிறார்கள். முந்தின நாள்தான் மழை கொட்டியிருக்கும். அப்புறம் தண்ணீர் எங்கே போனது?

ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் நீரும், சுற்றுச் சரிவுகளில் வடியும் நீரும் சேர்ந்துதான் கிளியூரில் சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. கோடையில் ஏரி மட்டம் இறங்கிக் கிடக்கும். மண்ணும் வறண்டிருக்கும். முதல் மழைகள் இந்த இரண்டு கடனையும் அடைக்கவே சரியாகப் போய்விடும். அதனால்தான் பருவமழை சில வாரம் நின்று பெய்த பிறகு அருவிக்கு உயிர் வருகிறது.

மழை விட்டபின்னும் சில நாள் விழுகிறதே, அது மண்ணின் வேலை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் அடிப்பாறை சார்னோகைட் என்ற கருங்கல், ஏறக்குறைய 250 கோடி ஆண்டுப் பழையது. (கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கல் இந்த வகைப் பாறை. அவர் பெயரையே 1893-இல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் பாறைக்கு வைத்துவிட்டார்.) இந்தக் கருங்கல்லுக்குள் நீர் ஊறாது, வெடிப்புகளில் மட்டும் புகும். அதன்மேல் பாறை சிதைந்து உண்டான மண் இருக்கிறது. சருகும் வேரும் மண்புழு வளைகளும் உள்ள இடத்தில் மழைநீர் இறங்கித் தங்கி, மெல்லக் கசிந்து ஓடையைச் சேர்கிறது. மரத்தை வெட்டி மண் இறுகிப்போன சரிவில் அதே மழை ஒரே நாளில் செம்மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடிவிடும்.

ஏற்காடு வந்தால் காட்டெருமையைப் பார்க்கத்தான் எல்லோருக்கும் ஆசை. காலையிலும் மாலையிலும் காப்பித் தோட்ட ஓரங்களில் அது மேயும். தள்ளி நின்று பார்த்தால் போதும். எனக்கென்னவோ, காலுக்கடியில் இந்த மண்ணுக்குள் இருக்கும் கேடயவால் பாம்புதான் பெரிய அதிசயம். சேர்வராயனிலிருந்து கிடைத்த இதன் ஓர் இனத்தை 1863-இலேயே பெட்டோம் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் விவரித்திருக்கிறார். இந்தப் பாம்பு கூர்மையான தலையால் மண்ணைத் துளைத்துப் போகும், மண்புழுவைத் தின்னும், முட்டையிடாமல் குட்டி போடும். சொரசொரப்பான மொட்டை வாலில் மண் அப்பிக்கொள்வதால், பின்னால் வளை அடைபட்டதுபோல் ஆகிவிடும். மண் காய்ந்தால் ஆழத்துக்குப் போய்விடும், நனைந்தால் மேலே வரும்.

ஆகவே அருவி நன்றாக விழும் மாதங்களில்தான் இதுவும் கண்ணில் படும், பெரும்பாலும் சாலையில் வண்டிச் சக்கரத்தில் சிக்கி. உயிரோடு பார்க்கிறவர்களும் விஷப்பாம்பென்று அடித்துவிடுகிறார்கள். இதற்கு விஷம் கிடையாது.