மின்சார காரின் சாஃப்ட்வேர் அப்டேட்: ஐரோப்பாவில் அரசு எதற்கு ஒப்புதல் தருகிறது?

காரின் திரையில் "புதிய அப்டேட் தயார்" என்று வந்தால், ஏதோ ஓர் அரசு அலுவலகம் அதை வரி வரியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிப் பார்ப்பதில்லை. அதற்காகக் கம்பெனி தன் இஷ்டத்துக்கு எதையும் அனுப்பிவிடவும் முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதைக் கட்டுப்படுத்துவது ஐ.நா. வாகன விதி எண் 156. 2021 ஜனவரியில் அமலுக்கு வந்த இந்த விதி, ஒன்றியத்தில் 2022 ஜூலை முதல் புது மாடல்களுக்கும், 2024 ஜூலை முதல் புதிதாகப் பதிவாகும் கார்களுக்கும் கட்டாயமாகிவிட்டது. மின்சாரக் கார், பெட்ரோல் கார் என்ற வேறுபாடு இதில் இல்லை. லாரிக்கும் பஸ்ஸுக்கும்கூட இதே விதிதான்.

அரசு முதலில் சோதிப்பது அப்டேட்டை அல்ல, கம்பெனியை. எந்தக் காரில் எந்த வெர்ஷன் ஓடுகிறது என்ற பதிவு இருக்கிறதா, புது வெர்ஷன் அந்தக் காரின் மற்ற பாகங்களோடு ஒத்துப்போகுமா என்று பார்க்கிறார்களா, வழியில் யாரும் ஃபைலை மாற்றிவிடாதபடி பாதுகாப்பு இருக்கிறதா என்றெல்லாம் தணிக்கை நடக்கும். தேறினால் சான்றிதழ் கிடைக்கும். அது அதிகபட்சம் 3 ஆண்டுக்குத்தான் செல்லும், பிறகு மறுபடி தணிக்கை. இந்தச் சான்றிதழ் கையில் இருந்தால்தான் கார் மாடலுக்கு இந்த விதியின்கீழ் டைப் அப்ரூவல், அதாவது அந்த மாடலுக்கான அரசு ஒப்புதல், கேட்கவே முடியும். ஜெர்மனியில் இதைத் தருவது கேபிஏ என்ற அரசு வாகன அமைப்பு, நெதர்லாந்தில் ஆர்டிடபிள்யூ. ஒரு நாட்டில் வாங்கிய அப்ரூவலை ஒன்றியத்தின் மற்ற நாடுகளும் ஏற்க வேண்டும். டெஸ்லாவின் ஐரோப்பிய அப்ரூவல் விவகாரங்களில் நெதர்லாந்தின் பெயர் அடிபடுவது இதனால்தான்.

அதன் பிறகு ஒவ்வொரு அப்டேட்டின்போதும் கம்பெனி தனக்குத்தானே ஒரு கேள்வி கேட்டு, பதிலை எழுதி வைக்க வேண்டும்: அப்ரூவல் வாங்கியபோது கொடுத்த அளவுகளில் ஏதாவது இதனால் மாறுகிறதா? மேப், பாட்டு, திரையின் நிறம் போன்றவை மாறினால் பதிவு செய்துவிட்டு அனுப்பிவிடலாம். பிரேக், ஸ்டியரிங், பேட்டரி பாதுகாப்பு, மோட்டார் பவர் ஆகியவற்றில் அப்ரூவல் வாங்கிய அளவு மாறினால், அனுப்பும் முன்பே அப்ரூவலை நீட்டிக்க விண்ணப்பிக்க வேண்டும். தேவைப்பட்டால் சோதனைக்கூடத்தில் மறுபடி சோதனையும் நடக்கும்.

இந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதற்கு ரீஜென் பிரேக்கிங் நல்ல உதாரணம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து வேகத்தைக் குறைக்கிறது. கார் பிரேக்குக்கான விதி 13-எச் இதற்குக் கணக்கு வைத்திருக்கிறது: ஒவ்வொரு வினாடியும் வேகம் வினாடிக்கு 0.7 மீட்டர் வரை குறைந்தால் பிரேக் லைட் எரியக் கூடாது, 0.7-க்கு மேல் 1.3 வரை எரியலாம், 1.3-ஐத் தாண்டினால் எரிந்தே ஆக வேண்டும். ஒற்றைப் பெடலில் ஓட்ட வசதியாக ரீஜென்னைக் கூட்டும் அப்டேட் பார்வைக்குச் சின்ன மாற்றம்தான். ஆனால் லைட் எரியும் கணக்கும் கூடவே சரிபார்க்கப்படாவிட்டால், பின்னால் வருகிறவர் எச்சரிக்கையே இல்லாமல் உங்கள் மேல் வந்து மோதிவிடலாம். இப்படிப்பட்ட மாற்றத்தை "வசதி மேம்பாடு" என்ற தலைப்பில் அனுப்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த விதியே இருக்கிறது. ரிமோட்டில் பார்க்கிங் செய்யும் வசதியும் இப்படித்தான். ஸ்டியரிங் விதி 79-ன்படி ஓட்டுநர் காரிலிருந்து 6 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அதே மாடல் அமெரிக்காவில் செய்வதையெல்லாம் ஐரோப்பாவில் செய்யாததற்கு இப்படிப்பட்ட வரம்புகள் ஒரு முக்கியக் காரணம்.

அப்ரூவல் சம்பந்தப்பட்ட சாஃப்ட்வேருக்கு ஓர் அடையாள எண் உண்டு. ஆர்எக்ஸ்ஸ்வின் என்பார்கள். பிரேக் விதிக்கு ஒன்று, ஸ்டியரிங் விதிக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். அப்ரூவல் நீட்டிக்கப்பட்டால் இந்த எண்ணும் மாற வேண்டும். மெக்கானிக் கார் கோளாறைப் படிக்கப் பயன்படுத்தும் ஓபிடி போர்ட்டில் கருவியைச் செருகி இதைப் படிக்கலாம். காரில் எண் வைக்காத கம்பெனி, எந்த வெர்ஷன் எந்த அப்ரூவலுக்கு உரியது என்ற பட்டியலை அதிகாரிகளிடம் கொடுத்திருக்க வேண்டும்.

கார் வைத்திருப்பவருக்கு இந்த விதி தரும் உரிமைகளைப் பலர் கேட்டு வாங்குவதில்லை. அப்டேட் ஓடத் தொடங்கும் முன்பே, அது எதற்காக, என்ன மாறுகிறது, எவ்வளவு நேரம் பிடிக்கும், அந்த நேரத்தில் எந்த வசதி வேலை செய்யாது என்பதையெல்லாம் சொல்ல வேண்டும். முடிந்ததும் வெற்றியா தோல்வியா என்று காட்ட வேண்டும். கையேட்டில் மாற்றம் இருந்தால் அதையும் தர வேண்டும். "சிறு திருத்தங்கள்" என்று ஒரே வரியில் முடிந்திருந்தால் விளக்கம் கேட்டு எழுதுங்கள். பாதியில் நின்றுபோனால் கார் பழைய வெர்ஷனுக்குத் திரும்ப வேண்டும், இல்லையென்றால் பாதுகாப்பான நிலையில் நிற்க வேண்டும். முடிக்கும் அளவுக்கு மின்சாரம் இருந்தால்தான் அப்டேட் தொடங்கலாம் என்பதும் விதியிலேயே இருக்கிறது. நடைமுறையில் காலை வாருவது பெரிய பேட்டரி அல்ல, பழசாகிப்போன 12 வோல்ட் பேட்டரி. கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் மின்சாரம் போவது அதிலிருந்துதான். அடிக்கடி அப்டேட் தோற்றால் முதலில் அதைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஓட்டும்போது செய்வது ஆபத்தான அப்டேட் என்றால், முடியும் வரை கார் நகராது. வெளியே கிளம்ப வேண்டிய நேரத்தில் "இப்போதே செய்" என்று அழுத்தாதீர்கள்.

அமெரிக்காவில் முன் ஒப்புதலே கிடையாது. விதிப்படி இருக்கிறது என்று கம்பெனியே உறுதி சொல்லி விற்கிறது. தவறு தெரிந்தால் ரீகால், அதாவது விற்ற கார்களையெல்லாம் கம்பெனி தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். காரின் வெளி ஸ்பீக்கரில் விருப்பமான ஒலியைப் போடும் வசதியை டெஸ்லா கொடுத்தது. பாதசாரிகளுக்கான எச்சரிக்கை ஒலியை அது அமுக்கிவிடும் என்று 2022 பிப்ரவரியில் 5,78,607 கார்கள் ரீகால் ஆயின. சரிசெய்ததும் அப்டேட்டில்தான். சீனா 2025 பிப்ரவரி அறிவிப்பில், குறையை அப்டேட்டில் சத்தமில்லாமல் மறைத்துவிடக் கூடாது என்று நேரடியாகவே தடுத்திருக்கிறது. இந்தியாவில் ஐ.நா. விதி 156-ஐ ஒட்டி ஏஐஎஸ் 190 என்ற தரநிலை எழுதப்பட்டிருக்கிறது.

வெளிக் கடையில் பவரைக் கூட்டிக்கொள்ளும் மாட்யூலுக்கும் ஹேக் செய்த சாஃப்ட்வேருக்கும் இந்த அப்ரூவல் எதுவும் பொருந்தாது. ஜெர்மனியில் அனுமதியில்லாமல் இப்படிச் செய்தால் காரின் இயக்க அனுமதியே போய்விடலாம், விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும். பழைய கார் வாங்குகிறவர்கள் சாஃப்ட்வேர் வெர்ஷனைத் திரையில் பார்த்துப் படமெடுத்துக்கொண்டு, அந்தக் கார் நம்பருக்கு உரிய வெர்ஷன்தானா என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.