எண்ணெய் பாலிஷும் சுருட்டிப் போட்ட துணியும்

"எதுக்குண்ணே பாலிஷ்? தேங்காய் எண்ணெயைத் தேய்ச்சுவிட்டாலே தேக்கு பளபளன்னு ஆயிடுமே?" புது வீடு கட்டுகிறவர்கள் அடிக்கடி என்னிடம் கேட்பது இது. பளபளக்கும்தான், அன்றைக்கு மட்டும். தேங்காய் எண்ணெய் காயாத எண்ணெய். எத்தனை மாதம் ஆனாலும் எண்ணெயாகவேதான் கிடக்கும். தூசியைப் பிடித்துக் கறுத்துப் பிசுக்கேறும். அதன்மேல் பிறகு எந்த வார்னிஷும் ஒட்டாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

மரத்துக்கு வேண்டியது, தானே காய்ந்து இறுகும் எண்ணெய். நம் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது ஆளி விதையிலிருந்து வரும் லின்சீட் ஆயில். தேடினால், டங் மரத்துக் கொட்டையிலிருந்து வரும் டங் ஆயிலும் கிடைக்கும். இவை தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் கெட்டிப்படும், அப்போது சூடும் உண்டாகும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாக்கி எல்லாம் தானாக விளங்கும்.

காய்ச்சாத பச்சை லின்சீட் ஆயில் ஒரு பூச்சு காயவே பல நாள் பிடிக்கும். ஆசாரிமார் கேட்டு வாங்கும் 'டபுள் பாயில்ட்' வகை ஓரிரு நாளில் காய்ந்துவிடும். சீக்கிரம் காய்வதற்காக அதில் பெரும்பாலும் உலோக உப்புகளைச் சேர்த்திருப்பார்கள். அதனால் காய் நறுக்கும் பலகைக்கும் குழந்தை வாயில் வைக்கும் பொம்மைக்கும் நான் அதைத் தொடுவதில்லை. கலப்பில்லாத டங் ஆயில்தான். 'டீக் ஆயில்' என்று வரும் டின்களில் பெரும்பாலும் இருப்பது இதே லின்சீட் அல்லது டங் ஆயில், கொஞ்சம் வார்னிஷ், நிறைய தின்னர். பின்பக்கம் படித்துப் பார்த்து வாங்குங்கள். லின்சீட் ஆயில் நாளாக ஆக மஞ்சளாகும் என்பதும் நினைவிருக்கட்டும். தேக்குக்கு அது அழகு, வெளிறிய ரப்பர் மரத்துக்கு அசிங்கம்.

வெறும் எண்ணெய் அழகாக இருக்கும், ஆனால் தண்ணீரை அதிகம் தாங்காது. உழைக்க வேண்டுமென்றால் லின்சீட் ஆயில், ஆயில் வார்னிஷ், டர்பண்டைன் மூன்றையும் சம அளவு கலந்து பூசுவேன். மேலே ஏடு மாதிரி படியாததால் உரிந்து வராது, கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து மறுபடி பூசிக்கொள்ளலாம். அதற்காக எல்லா இடத்துக்கும் இதுவே சரி என்று சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை தோறும் கழுவி மஞ்சள் பூசும் நிலைப்படிக்கு எண்ணெய் பாலிஷ் தோற்றுப்போகும், அங்கே மேலே ஏடாகப் படியும் பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சு போடுங்கள். மேற்கு வெயில் நேரே விழும் வாசல் கதவுக்கு நிறமில்லாத எண்ணெய் வெயிலைத் தடுக்காது. வருஷத்துக்கு ஒருமுறை மேல்பூச்சு கொடுக்கத் தயாராக இருந்தால் மட்டும் பூசுங்கள்.

பூசும் முறையில் அவசரம்தான் எதிரி. 220 நம்பர் உப்புத்தாளோடு நிறுத்துங்கள், அதற்கு மேல் வழவழப்பாக்கினால் மரம் எண்ணெயைக் குடிக்காது. தேக்கிலும் ஈட்டி மரத்திலும் இயற்கையாக உள்ள சில பொருட்கள் காய்வதைத் தாமதப்படுத்தும் என்பதால், பூசுவதற்குச் சற்று முன் தின்னர் நனைத்த துணியால் ஒரு துடை துடைப்பது நல்லது. பிறகு தாராளமாகப் பூசி, 15-20 நிமிடம் ஊறவிட்டு, மேலே மிஞ்சியதை ஒரு சொட்டு விடாமல் துடைத்தெடுக்க வேண்டும். "இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதைத் துடைத்தே எடுக்கிறீர்களே" என்று வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். கனமாக விட்டால் மேல்தோல் மட்டும் இறுகி, காற்றுப் படாத அடிப்பகுதி வாரக்கணக்கில் பிசுபிசுக்கும். ஒரு நாள் இடைவெளி விட்டு, மெல்லிசாக மூன்று நான்கு பூச்சு. மழை நாளில் இடைவெளியைக் கூட்டுங்கள்.

இனி அந்தத் துடைத்த துணி. பனியன் வேஸ்ட்டை எண்ணெயோடு சுருட்டி மூலையில், அதுவும் மரத்தூள் குவியல் மேலேயே எறிவதைப் பல சைட்டுகளில் பார்க்கிறேன். விரித்த துணியில் சூடு காற்றோடு போய்விடும். சுருட்டிய துணியிலோ உள்ளேயே ஏறிக்கொண்டு போய், சில மணி நேரத்தில் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 38 மாடி ஒன் மெரிடியன் பிளாசா கட்டடம் எரிந்தது இப்படித்தான். மரவேலை செய்தவர்கள் 22ஆம் மாடியில் விட்டுப்போன லின்சீட் ஆயில் துணியில் தொடங்கிய தீ, 30ஆம் மாடியில் தண்ணீர் தெளிப்பான்கள் இருந்ததால்தான் நின்றது. 3 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள்.

வேலை முடிந்ததும் துணிகளை வெளியே தனித்தனியாக விரித்துக் காயப்போடுங்கள், ஒன்றன்மேல் ஒன்று படக்கூடாது. விறைத்துப்போன பிறகு குப்பைக்கு அனுப்பலாம். இடமில்லையென்றால் தண்ணீர் நிரப்பிய தகர டின்னில் முக்கி மூடிவையுங்கள். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று ஆள் கிளம்பினால் வீட்டுக்காரர் விடக்கூடாது. புது வீட்டில் ராத்திரி காவலுக்கு அங்கேயே யாராவது படுத்திருப்பார்கள்.

மிச்ச எண்ணெயைப் பெரிய டின்னில் கால்வாசியாக விடாதீர்கள், உள்ளிருக்கும் காற்றிலேயே ஆடை படியும். கழுத்துவரை நிரம்பும் சின்ன பாட்டிலுக்கு மாற்றி, எண்ணெய்ப் பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டிவையுங்கள்.